சொந்த விருப்பத்தின் பேரில்

எங்கள் சட்டக் கல்லூரியின் வாசலில் ஒரு பதாகை தொங்கும். ‘வழக்கறிஞர் தகுதித் தேர்வில் தொடர்ந்து ஆறாவது ஆண்டாக நூறு சதவீதத் தேர்ச்சி!’ பக்கத்தில் முதல்வரின் படம். தேர்வு எழுதியது பிள்ளைகள்; கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பது அவர். ஆண்டுக்கொருமுறை ‘ஐந்தாவது’ என்பது ‘ஆறாவது’ ஆகும். படம் மட்டும் மாறாது. ஆறு வருடமாக அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் செஞ்சுரி. அது அவர் காதுக்கும் எட்டியது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்.

நான் அங்கே ‘கல்வி வெற்றி வழிகாட்டு மையத்தின் ஒருங்கிணைப்பாளர்’. பெயரைக் கேட்டால் ஒரு கட்டிடமே என் பொறுப்பில் இருக்கிறது என்று தோன்றும். இருந்தது மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலி, செத்து நாலு வருடமாகியும் யாரும் எடுத்துப்போகாத ஒரு ஜெராக்ஸ் இயந்திரம். நான் ஒருங்கிணைக்க வேண்டியிருந்தது என்னையும் அந்த இயந்திரத்தையும்தான். பாடத்தில் பின்தங்கியவர்கள் என்னிடம் வருவார்கள். எப்படிப் படிப்பது, மூன்று மணி நேரத்தை ஐந்து கேள்விக்கு எப்படிப் பங்கு போடுவது, ஒரு வழக்கைக் கொடுத்து ‘யார் பொறுப்பு?’ என்று கேட்டால் விடையை எங்கிருந்து தொடங்குவது என்றெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். இது என் வேலையின் முதல் பாதி.

இரண்டாம் பாதியைப் பதாகையில் போடுவதில்லை. தேர்வுக்கு ஆறு வாரம் முன்னால் கல்லூரியே ஒரு மாதிரித் தேர்வு வைக்கும். உண்மையான தேர்வில் தேற ஒவ்வொரு பேப்பரிலும் ஐம்பது மதிப்பெண் போதும். ஆனால் மாதிரித் தேர்வில் சராசரி அறுபதுக்குக் கீழே வாங்கியவர்களைத் ‘தகுதி ஆலோசனைக் குழு’ கூப்பிடும். டீ கொடுக்கும். பிஸ்கட் கொடுக்கும். பிறகு ஒரு தாளை நீட்டும். ‘நான், என் சொந்த விருப்பத்தின் பேரில், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனத்தெளிவோடு, இவ்வாண்டுத் தேர்வை ஒத்திவைத்துக்கொள்கிறேன்.’ கீழே மாணவர் கையெழுத்து. அதற்கும் கீழே, ‘மாணவரின் நலன் கருதி மேற்கண்டவாறு ஆலோசனை கூறினேன்’ என்று என் கையெழுத்து.

தடுக்கி விழுவார் என்று சந்தேகம் வருகிறவர்களையெல்லாம் முன்கூட்டியே உட்காரவைத்துவிட்டால், ஓடுகிறவர்கள் அத்தனை பேரும் கோட்டைத் தொட்டுவிடுவார்கள். இதற்குக் கல்வித் தரம் என்று பெயர்.

மூன்று வருடத்தில் முப்பத்தோரு பேருக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அதில் திரும்பி வந்து தேர்வு எழுதியவர்கள் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடுமே.

அந்தப் பன்னிரண்டு பேருக்குப் பிறகு பதின்மூன்றாவதாகத் திரும்பி வந்தவர் டைப்பிஸ்ட் அக்கா.

வயது நாற்பத்தேழு, என்னைவிட இரண்டு அதிகம். கோர்ட்டில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிற வேலை, இருபத்து மூன்று வருடமாக. மாலை வகுப்பில் சட்டம் படித்து முடித்தவர். பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்கா. எனக்கு மேடம். படிப்பு முடிந்து மூன்று ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறிவிட வேண்டும், இல்லையென்றால் மறுபடி முதலாமாண்டு பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்பது விதி. முதல் ஆண்டு கணவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை, போய்விட்டது. இரண்டாம் ஆண்டு செஞ்சுரியின் தாளில் கையெழுத்து, அதுவும் போய்விட்டது. இது மூன்றாவது. இதற்கு மேல் இல்லை.

அவருக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாலு நீதிபதிகளின் வாயிலிருந்து சட்டத்தைக் காதில் வாங்கி விரலில் விட்டவர். இருந்தும் பயிற்சித் தாளில் முப்பத்தெட்டு.

“மேடம், நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. அதுல மூணே முக்கால் பக்கம் கேள்வியையே திருப்பி எழுதியிருக்கீங்க.”

“விவரத்தை விட முடியாது சார். ரெக்கார்டு முழுசா இருக்கணும்.”

“சரி, மிச்ச கால் பக்கத்துல வாதி இப்படிச் சொல்லலாம், பிரதிவாதி அப்படிச் சொல்லலாம்னு இருக்கு. யார் பக்கம் நியாயம்?”

“அதை நான் எப்படி சார் சொல்றது?”

“பரீட்சை எழுதறது நீங்கதானே?”

“அதுக்குத்தான் ஜட்ஜ் இருக்காரே.”

நான் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு சாட்சி, “ஜூன் முப்பத்தொண்ணாம் தேதி நான் கண்ணால பாத்தேன்” என்றாராம். ஜூனில் ஏது முப்பத்தொன்று? பாவம், பதற்றத்தில் உளறுகிறார் என்று இவர் முப்பது என்று தட்டிவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த முப்பத்தொன்றை வைத்துத்தான் சாட்சி பொய் என்று காட்ட இருந்தார். இவர் செய்த உபகாரத்தில் பொய் மெய்யாகிவிட்டது. ஆட்கள் நிரம்பிய கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: “நீ யாரும்மா திருத்த? உன்கிட்ட விரலை மட்டும்தான் கேட்டோம்.”

“அன்னையிலேர்ந்து விரல் மட்டும்தான் சார் குடுக்கறேன்.”

இதை எந்த வழிகாட்டுக் கையேட்டை வைத்துச் சரிசெய்வது? சுருக்கி எழுதச் சொன்னேன்; இன்னும் அழகாக முழுதாக எழுதினார். கேள்வியைத் தொடாதீர்கள் என்றேன். முதல் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. என் அறைக்கு ஒரு பையன் வருவான். எதைக் கேட்டாலும் ஒரு தீர்ப்பை மேற்கோள் காட்டித்தான் பேசுவான். அவன் பெயரே மேற்கோள் ஆகிவிட்டது. அன்று அவனும் அவன் கூட்டாளியும் கத்திக்கொண்டே வந்தார்கள். கூட்டாளியின் ஸ்கூட்டரை இவன் இரவல் வாங்கிப் போய் யாரோ வீட்டு கேட் முன்னால் நிறுத்தியிருக்கிறான். அந்த வீட்டு வாட்ச்மேன் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது யார் என்பதில் தகராறு. மேற்கோள் ஏதோ ஒரு தீர்ப்பின் ஆண்டைச் சொல்ல ஆரம்பித்தான்.

டைப்பிஸ்ட் அக்கா தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நீதான்டா தள்ளணும். கேட் முன்னாடி நிறுத்துன்னு அவன் சொல்லல, நீயா நிறுத்தின. வாட்ச்மேன் காத்தைப் பிடுங்கினதும் தப்புதான், ஆனா அது வேற கேஸ், அதை அவன்கிட்டப் போய்க் கேளு. இப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க, நான் எழுதணும்.”

இருவரும் வாயை மூடிக்கொண்டு கிளம்பினார்கள்.

“மேடம்,” என்றேன், “இப்பச் சொன்னீங்களே, அது பதினெட்டு மார்க்.”

“எது?”

“முதல்ல தீர்ப்பு. அப்புறம் காரணம். அப்புறம் எது இந்தக் கேஸ்ல சேராதுன்னு. அரை நிமிஷத்துல முடிச்சிட்டீங்க. பரீட்சையிலயும் இதைத்தான் கேக்கறாங்க.”

“அது பசங்க சண்டை சார்.”

“உங்க கோர்ட்ல நடக்கறது மட்டும் என்ன, பெரியவங்க சண்டை. அவ்வளவுதான்.”

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். அன்றைக்கு எழுதிய விடையின் முதல் வரி, ‘பிரதிவாதியே பொறுப்பு.’ அதை எழுதிவிட்டு யாராவது திட்டப்போகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

ஏழு வாரத்தில் முப்பத்தெட்டு நாற்பத்தைந்து ஆனது. மாதிரித் தேர்வில் ஐம்பத்து நாலு. தேற வேண்டியதற்கு மேல் நாலு. செஞ்சுரிக்கு வேண்டியதற்குக் கீழ் ஆறு.

குழு கூடுவதற்கு முதல் நாள் காலையில் அலுவலக மேலாளர் ஒரு ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார். பதினோரு தாள். எல்லாவற்றிலும் மறுநாள் தேதி அச்சாகியிருந்தது. ஒவ்வொரு வருடமும் இப்படித்தான்; குழுவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டால் டீ ஆறிவிடும் என்று முன்கூட்டியே வாங்கிவிடுவார். நான் வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஏழாவது தாள் டைப்பிஸ்ட் அக்காவுடையது. பார்த்தேன். போட்டேன். எட்டாவதுக்குப் போனேன்.

இதை நான் வேறு மாதிரிச் சொல்லலாம். கவனிக்கவில்லை, அவசரம், பழக்கதோஷம். ஆனால் பார்த்தேன்.

மத்தியானம் அவர் வந்தபோது ஃபைல் மேசைமேல் திறந்தே கிடந்தது. கோர்ட் டைப்பிஸ்ட்டுக்குத் தாள் தலைகீழாக இருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன?

“சார், இதுல தேதி நாளைக்கு.”

“ம்.”

“நாளைக்குச் சொல்லப்போற ஆலோசனையை இன்னைக்கே சொல்லிட்டீங்க.”

“அது நடைமுறை மேடம். எப்பவும் இப்படித்தான்.”

“கோர்ட்ல இதுக்கு வேற பேரு.” அவர் குரல் உயரவில்லை. “சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் தேறுவேனா, மாட்டேனா?”

“அதை நான் எப்படி மேடம் சொல்…”

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அது அவருடைய வசனம். ஏழு வாரமாக அவர் வாயிலிருந்து பிடுங்கிப் போட்டதை நானே பொறுக்கி எடுத்து என் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“முதல் வரியில சொல்லுங்க சார்.”

“தேறுவீங்க.”

“காரணம்?”

“ஐம்பது போதும். உங்களுக்கு ஐம்பத்து நாலு வருது. இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. நேரத்துக்குள்ள முடிக்கறீங்க.”

“அப்ப இந்தக் கையெழுத்து யாரோடது?”

நான் ஃபைலை மூடினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் வாரம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோழைத்தனத்துக்கும் ஒரு காரணம் இருந்தால் பார்க்கக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும்.

மறுநாள் முதல்வர் அறை. கண்ணாடி மேசை. நடுவில் செஞ்சுரி. இடப்பக்கம் ஒரு மூத்த பேராசிரியர். குழுவில் அவருடைய பங்கு கண்ணை மூடிக்கொண்டிருப்பது. வலப்பக்கம் மேலாளர், பிஸ்கட் தட்டோடு. மேசையின் மூலையில் நான். ஏசி வேலை செய்யாததால் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் மற்றப் பத்துப் பேர், பல் பிடுங்க வந்தவர்கள் போல. முதலில் கூப்பிட்டது டைப்பிஸ்ட் அக்காவை.

“வாங்கம்மா, உக்காருங்க, டீ எடுத்துக்குங்க,” என்றார் செஞ்சுரி. “வாழ்க்கைங்கறது ஒரு நீண்ட பயணம். சில சமயம் நின்னு, மூச்சு வாங்கி…”

“சார், நான் இந்த வருஷம் பரீட்சை எழுதறேன். காரணம் மூணு.”

செஞ்சுரியின் கை காற்றிலேயே நின்றது. அவருடைய பயணத்தில் இன்னும் ஏழெட்டு நிமிடம் பாக்கி இருந்தது.

“பாஸ் மார்க் ஐம்பது, நான் வாங்கினது ஐம்பத்து நாலு. அது ஒண்ணு. எனக்கு இதுதான் கடைசி வருஷம், அது ரெண்டு. இந்தத் தாள்ல என் சொந்த விருப்பம்னு போட்டிருக்கு. எனக்கு அந்த விருப்பம் இல்ல. அது மூணு.”

மேலாளர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். “எல்லாரும் போடறதுதாம்மா. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. போன வருஷம் நீங்களே போட்டீங்களே.”

“போட்டேன். போடலைன்னா என்ன ஆகும்?”

மேலாளர் செஞ்சுரியைப் பார்த்தார். செஞ்சுரி தாளைப் பார்த்தார். தாளில் அதற்கு விடை இல்லை.

“அப்படியொரு நிலைமை இதுவரைக்கும் ஏற்பட்டதில்லை,” என்றார்.

“இப்ப ஏற்பட்டிருக்கு சார்.”

“கல்லூரி உங்க விண்ணப்பத்தை அனுப்பாதும்மா. விதி இருக்கு.”

“எந்த விதி சார்?” அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார், பென்சிலை எடுத்தார். “சொல்லுங்க, எழுதிக்கறேன். மெதுவாச் சொல்லணும்னு இல்ல. நிமிஷத்துக்கு நூத்தி இருபது வார்த்தை எடுப்பேன்.”

ஆறு வருடமாக மூச்சு விடாமல் பேசிய மனிதரிடம் அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தை இல்லை. எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் பெரிய மனிதர்களுக்கு இப்படி ஒரு தொண்டைக்கட்டு வரும். அதை அப்போதுதான் முதல்முறை அருகில் பார்த்தேன். அப்படியொரு விதி கிடையாது. அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வருகைப் பதிவு சரி என்று சான்று கொடுத்து விண்ணப்பத்தை அனுப்புவது மட்டும்தான் கல்லூரியின் வேலை. நூறு சதவீதம் என்ற அந்த மாளிகை முழுவதும் நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு தூணில்: யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

செஞ்சுரி சுற்றுமுற்றும் பார்த்தார். மேசை மூலையில் நான் கிடைத்தேன்.

“இதோ, உங்க வழிகாட்டியே உங்க நலன் கருதித்தான் ஆலோசனை சொல்லியிருக்கார். கையெழுத்து இருக்கு பாருங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். பென்சில் நோட்டின் மேல் நின்றது. “சார், இந்த ஆலோசனையை நீங்க எனக்குச் சொன்னீங்களா?”

“இல்ல,” என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கும் கேட்கவில்லை போல. “சத்தமாச் சொல்லுங்க சார்.”

“சொல்லல. நான் சொன்னது, இவங்க தேறுவாங்கன்னு. இது நேத்து காலையில, யாரையும் கேக்காம, இன்னையத் தேதியில போட்ட கையெழுத்து. பதினோரு பேருக்கும் அப்படித்தான் போட்டேன்.” எழுந்து போய்ச் செஞ்சுரியின் கையருகே இருந்த ஃபைலை இழுத்து, பதினோரு கையெழுத்தையும் வரிசையாக அடித்தேன். ஏழாவதில் கொஞ்சம் அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்தது.

“என்ன செய்யறீங்கன்னு தெரியுதா உங்களுக்கு?” என்றார் செஞ்சுரி.

“சொந்த விருப்பத்தின் பேர்லதான் சார்.”

மூத்த பேராசிரியர் கண்ணைத் திறந்தார். “அந்தம்மா சொல்றது சட்டப்படி சரிதான்,” என்றார். ஆறு வருடத்தில் குழுவுக்கு அவர் அளித்த ஒரே கருத்து. திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து மேற்கோள் உள்ளே வந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. “நான் எழுதறேன் சார்.”

“உனக்கு என்ன காரணம்?”

“அக்கா எழுதறாங்க.”

“அதெல்லாம் ஒரு காரணமாடா?”

“முன்தீர்ப்பு சார்,” என்றான். அவன் வாழ்க்கையில் சரியான இடத்தில் காட்டிய முதல் மேற்கோள் அதுதான்.

பதினோரு பேரில் ஒருவரும் போடவில்லை. பிஸ்கட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

மறு வாரமே என் அறை ‘புதுப்பிப்புப் பணிக்காக’ப் பூட்டப்பட்டது. என்னைப் புதுப்பிக்கவில்லை. ‘மையத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டதால்’ என்று கடிதம் வந்தது. மாதக் கடைசி வரை நாள் இருந்தது. அதன் பிறகும் யாரும் என்னை வெளியே தள்ளவில்லை. நாங்கள் பன்னிரண்டு பேரும் முன்வாசல் படிக்கட்டில் உட்கார்ந்தோம். தினமும் மாலை ஐந்திலிருந்து ஏழு. செஞ்சுரி கீழே இறங்க வேண்டுமென்றால் எங்களைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். யாராவது ஒருவர் சத்தமாக ஒரு வழக்கை வாசிப்பார். மற்றவர்கள் அரை நிமிடத்துக்குள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும், இழுத்தால் அடுத்தவர். அவர் இறங்கும் நேரமாகப் பார்த்து மேற்கோள் குரலை உயர்த்துவான்: “பிரதிவாதியே பொறுப்பு!” அவர் ஒரு படி தவறவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போவார்.

அந்தப் படிக்கட்டில்தான் டைப்பிஸ்ட் அக்கா மாறிப்போனார். முதலில் தீர்ப்பு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், பிறகு அடுத்தவர் தீர்ப்பைத் தப்பு என்று சொல்ல ஆரம்பித்தார். அதன்பின் புத்தகத்தில் போட்டிருக்கும் விடை தப்பு என்றார். கடைசி வாரம் நான் சொன்னது தப்பு என்றார். பார்த்தேன், தப்புதான்.

தேர்வு நடந்தது. அந்த வருடம் கல்லூரியிலிருந்து நாற்பது பேர் எழுதினார்கள். செஞ்சுரி பொறுக்கி எடுத்த இருபத்தொன்பது பேரும் தேறினார்கள். எங்கள் பதினோரு பேரில் எட்டுப் பேர் தேறினார்கள். அதாவது, அந்தக் கல்லூரி தன் வரலாற்றிலேயே அதிகமான வக்கீல்களை உண்டாக்கிய ஆண்டுதான் அதன் தரம் தொண்ணூற்றிரண்டரை சதவீதத்துக்கு ‘வீழ்ந்த’ ஆண்டு. பதாகையில் அந்த அரையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் வெறும் படத்தை மட்டும் மாட்டியிருக்கிறார்களாம்.

மேற்கோள் ஒரு பேப்பரில் விழுந்தான். போன் செய்தான். அழுகிறானோ என்று பயந்தேன். “இது நானே விழுந்தது சார். யாரும் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடல. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்,” என்றான். ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரிக் குரல்.

முடிவு வெளியானது காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் டைப்பிஸ்ட் அக்கா சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பார்; போனைத் தொட முடியாது. அவர் மகள் என்னைக் கூப்பிட்டு, “அம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க அங்கிள், நான் சொன்னா நம்ப மாட்டாங்க,” என்றாள். எனக்கும் போக வேறு இடம் இல்லை. கோர்ட்டின் தாழ்வாரத்தில் பத்திரக் கட்டுகளுக்கும் கட்சிக்காரர்களுக்கும் நடுவே ஒரு தூணில் சாய்ந்து நின்றேன். ஒன்றரை மணிக்கு இடைவேளை விட்டார்கள். விரல்களை நீவிக்கொண்டே வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“பாஸ்,” என்றேன். முதல் வரியிலேயே.

சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கை உறிஞ்சினார். நானும் வேறு எங்கோ பார்த்தேன்.

“எதுல கம்மி?”

“ஒப்பந்தச் சட்டத்துல. ஐம்பத்தொண்ணு. ஐம்பது போதும் மேடம், ஒண்ணு கொசுறு.”

“ஐம்பத்தொண்ணா?” அவர் நிமிர்ந்தார். “அந்த மூணாவது கேள்விக்கு எவ்வளவு போட்டிருக்காங்க?”

“நாலு.” மகள் போனில் அனுப்பிய பட்டியலில் கேள்விவாரியாகவே போட்டிருந்தது.

“பதினெட்டுக்கு நாலா?”

“விடுங்க மேடம். தேறியாச்சு.”

“எப்படி சார் விடறது? விற்கிறவன் மேல தப்பில்லன்னு எழுதினேன், காரணத்தோட எழுதினேன். பாத்தவருக்குத்தான் சட்டம் தெரியல. மறுமதிப்பீட்டுக்கு எங்க எழுதணும்?”

“மேடம், நீங்க இப்ப வக்கீல். அந்தப் பதினாலு மார்க்கை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?”

“மார்க் யாருக்கு வேணும்? நான் சொன்னது சரி. அதை அவர் ஒத்துக்கணும்ல?” தாழ்வாரத்தில் இரண்டு வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைக் குறைக்கவில்லை. பையைத் துழாவினார். “பேனா வெச்சிருக்கீங்களா சார்? என்னுது மை தீந்துபோச்சு. இருங்க, ஜன்னல்கிட்ட வாங்க, இங்க வெளிச்சம் இல்ல. ரெண்டு மணிக்கு உள்ள போகணும், அதுக்குள்ள எழுதி முடிச்சிடறேன்.”